பச்சை லேபிள்

ஆடித் தள்ளுபடியில் 4 டி-ஷர்ட் 500 ரூபாய்க்கு வாங்கினேன். லாபம்தானே?
அதில் எத்தனை தீபாவளியைப் பார்க்கும் என்று முதலில் சொல்லுங்கள்!

கடையில் தள்ளுபடி போட்டும் விற்காததை எங்கே தள்ளுகிறார்கள்?
பாலைவனத்தில். சிலி நாட்டின் இக்கீக்கே துறைமுகத்துக்கு உலகெங்குமிருந்து பழைய துணியும் விற்காத துணியும் வந்து இறங்கும். அங்கும் விலை போகாதவை பக்கத்திலுள்ள அட்டகாமா பாலைவனத்தில் மலையாகக் குவிந்தன. சிலவற்றில் விலைச்சீட்டுகூடக் கிழிக்கப்படவில்லை. மழையே பார்க்காத மண், மக்கவே மக்காத பாலியஸ்டர். நல்ல ஜோடி! தீ வைத்தால் புகை மட்டும் பக்கத்து ஊரான ஆல்ட்டோ ஓஸ்பிசியோவின் ஏழைகளுக்கு.

‘பழைய பிளாஸ்டிக் பாட்டிலில் செய்த சட்டை’ என்கிறதே லேபிள்?
பாட்டிலாகவே இருந்தால் மறுபிறவி உண்டு. சட்டையாகிவிட்டால் பெரும்பாலும் மோட்சம்தான், குப்பைமேட்டில். துவைக்கும்போதெல்லாம் பிளாஸ்டிக் நுண்ணிழை தண்ணீரில் கலப்பதை பெரும்பாலான லேபிள்கள் சொல்வதில்லை.

பொய்ப் பச்சை பூசுகிறவர்களைக் கேட்க ஆளே இல்லையா?
இருக்கிறார்கள். 2022-ல் நெதர்லாந்தின் நுகர்வோர் ஆணையம் பிடித்த பிடியில், தெளிவில்லாத பசுமை வாசகங்களைத் திருத்தவோ நீக்கவோ எச் அண்ட் எம், டெகாத்லான் ஆகிய கடை நிறுவனங்கள் ஒப்புக்கொண்டன. முறையே 5 லட்சம், 4 லட்சம் யூரோ நன்கொடை தரவும் சம்மதித்தன. 2025-ல் இதே பொய்ப் பச்சைக்காக ஆன்லைன் துணிக்கடையான ஷீயினுக்கு இத்தாலி போட்ட அபராதம் 10 லட்சம் யூரோ. அவர்களுக்கு அது டீச் செலவு!

அப்போ எந்தத் துணியைத்தான் வாங்குவது?
பீரோவில் இருப்பதை. 100 சதவீதம் தள்ளுபடி. பட்டன் அறுந்திருந்தால் ஊசி நூல் மட்டும் எக்ஸ்ட்ரா.