சுற்றுலாவில் குச்சி ஒடித்தல்: முள்ளிப்பட்டை முன்வைத்து ஓர் ஆய்வு

தோட்டக் கழகங்களைப் பற்றிப் பேசுவோர் கண்காட்சி, கோப்பை, வரவேற்புரை ஆகியவற்றைத் தாண்டுவதில்லை. சென்னையில் 1835-ல் ராபர்ட் வைட் என்ற மருத்துவர் முன்னின்று தொடங்கிய வேளாண் தோட்டக்கலைச் சங்கம் கதீட்ரல் சாலையில் நெடுங்காலம் இருந்தது. ஊட்டியில் 1896-லிருந்து மலர்க் கண்காட்சி நடக்கிறது. இவையெல்லாம் பதிவேட்டில் ஏறியவை. பதிவேட்டில் ஏறாத, ஆனால் கழகத்தின் உயிர்நாடியான ஒரு நடவடிக்கை உண்டு. அது சுற்றுலா போன இடத்தில் யாரும் பார்க்காதபோது ஒரு குச்சியை ஒடித்துப் பைக்குள் போட்டுக்கொள்வது. இவ்வாய்வு அதைப் பற்றியது மட்டுமே.

ஆய்வுக் களமாக ஆரணியை அடுத்த முள்ளிப்பட்டைத் தேர்ந்ததற்குக் காரணம் உண்டு. பட்டு நெய்யும் ஊர். மல்லிமொக்கும் மாங்காயும் கொடியும் இங்கே பருவம் பார்க்காமல், தண்ணீர் கேட்காமல், ஜரிகையில் பூத்துக் காய்க்கின்றன. பகல் முழுவதும் குழித்தறியில் உட்கார்ந்து கொடி ஓட்டியவர், சாயங்காலம் மாடிக்குப் போய் அவரைக்கொடிக்குக் கயிறு கட்டுகிறார் என்றால், அவருக்குக் கொடியின் மேல் இருப்பது சாதாரணப் பிரியம் அல்ல. இன்னொரு சிக்கலும் உண்டு. மாடியில் எலுமிச்சை இலையைத் தின்னும் புழுவை அவர் பொறுக்கி வீசுகிறார்; தறியில் போடுவதோ முசுக்கொட்டை இலையைத் தின்ற புழு கட்டிய கூட்டின் நூல். இந்த அறச்சிக்கலுக்குத் தனி ஆய்வேடு வேண்டும். மேலே செல்வோம்.

இத்தகைய ஊரிலிருந்து செடிப்பித்தர்களின் வேன் ஒன்று, ஆகஸ்ட் மாதத்தில் பெங்களூரு லால்பாக் கண்காட்சிக்கு விடியுமுன் கிளம்புகிறது என்று கொள்வோம். புளிச்சாதம் தூக்குவாளியில் இருக்கும். அது உண்பதற்கு என்று நினைப்பவர் களப்பணி செய்யாதவர். மதியம் ஒரு மணிக்குள் அது காலியாக வேண்டும். ஈரத்துணி சுற்றிய குச்சிகள் அதில்தான் ஊர் திரும்பும். கண்ணாடி மாளிகைக்குள் லட்சம் பூக்களால் செய்த உருவத்தை எல்லோரும் அண்ணாந்து பார்க்கையில், ஓர் அக்கா மட்டும் வேலியோரக் குரோட்டன்ஸின் முன் குனிந்து செருப்பு வாரைச் சரிசெய்கிறார். அன்று அவர் போட்டிருந்தது வாரில்லாத செருப்பு.

“ஏம்மா, பையில என்ன?” என்றார் காவலர்.

“சாப்பாட்டு தூக்குங்க சார்.”

பொய் இல்லை என்பதைக் கவனிக்கவும்.

இதன் பின்னுள்ள கோட்பாடு தமிழ்நாடு முழுவதும் அறிந்தது: காசு கொடுத்து வாங்கிய மணி பிளான்ட் நோஞ்சானாகும், திருடி வைத்ததுதான் தழைக்கும். இதை மூடநம்பிக்கை என்று தள்ளிவிடுவது சோம்பேறித்தனம். மணி பிளான்டின் ஒவ்வொரு கணுவிலும் வேர் முளைக்கத் தயாராகவே இருக்கிறது. கணுவோடு ஒடித்த துண்டு தண்ணீர்ப் புட்டியில்கூடப் பிடித்துக்கொள்ளும். நர்சரிச் செடியோ நிழல்வலைக்கடியில் செல்லமாக வளர்ந்தது. அதை ஆரணி வெயிலில் மொட்டைமாடியில் வைத்தால் முதல் வாரமே முகம் சுருங்கும். போதாததற்கு, வாங்கிய செடி செத்தால் ரசீதைக் காட்டிப் புலம்பலாம். திருடிய குச்சி செத்தால் யாரிடம் சொல்வது? ஆகவே செத்த குச்சிகள் கணக்கில் வருவதே இல்லை; தழைத்தவை மட்டும் கோட்பாட்டுக்குச் சாட்சி சொல்கின்றன. பெரிய பெரிய ஆய்வுகளும் இப்படித்தான் நிரூபிக்கப்படுகின்றன என்பதால் நாமும் இதை ஏற்கிறோம்.

வரலாற்றுச் சான்று இன்னும் பலமானது. பட்டுப்புழு வெளியே போகக்கூடாது என்று சீனத்தில் தடை இருந்த காலத்தில், கோத்தான் நாட்டு அரசனுக்கு வாழ்க்கைப்பட்ட இளவரசி முசுக்கொட்டை விதையையும் புழு முட்டையையும் தலையணிக்குள் ஒளித்துக் கொண்டுபோனதாகச் சீன யாத்திரிகர் யுவான் சுவாங் எழுதியிருக்கிறார். எல்லைக் காவலர் எல்லாவற்றையும் சோதித்தார்களாம், தலையைத் தவிர. அந்தக் காட்சியைத் தீட்டிய மரப்பலகை ஒன்றைத் தொல்லியலாளர் ஆரல் ஸ்டைன் 1900-ல் கோத்தான் பாலைவனத்தில் கண்டெடுத்தார். அதில் ஒரு பெண் இளவரசியின் தலையணியைக் கை நீட்டிக் காட்டுகிறாள். உடன் வந்தவரே காட்டிக்கொடுக்கும் வழக்கம் எவ்வளவு பழையது என்பதற்கு வேறு ஆதாரம் தேவையில்லை.

லால்பாக்குக்கும் ஆரணிக்கும் உள்ள பழைய பாக்கியையும் இங்கே சொல்ல வேண்டும். 1760-ல் அத்தோட்டத்தைத் தொடங்கிய ஹைதர் அலி, 1782 ஜூனில் ஆரணியருகே ஆங்கிலேயத் தளபதி அயர் கூட்டின் படையோடு மோதியவர். அவர் மகன் திப்பு அந்தத் தோட்டத்துக்கு வெளிநாட்டுச் செடிகளைத் தருவித்தார். வங்கத்திலிருந்து பட்டுப்புழு வளர்ப்பையும் மைசூருக்குக் கொண்டுவந்தார். கர்நாடகப் பட்டுநூலுக்கு நம் தறிகள் விலை கொடுத்துக்கொண்டே இருக்கின்றன. நம் மண்ணில் நடந்த சண்டைக்கு இதுவரை யாரும் வாடகை தரவில்லை. ஒரு குரோட்டன்ஸ் குச்சி அந்தக் கணக்கில் வட்டிக்குக்கூடக் காணாது என்பது ஆய்வாளரின் முடிவு. காவலர் இதை ஏற்பாரா என்று சோதித்துப் பார்க்கப்படவில்லை.

அதே செடி வாசல் கடையில் மலிவாகக் கிடைக்குமே என்று ஓர் ஆட்சேபம் எழலாம். கிடைக்கும், வாங்கவும் செய்கிறார்கள். ரசீதோடு கூடிய அந்த ஒரு தொட்டி, வெளியேறும்போது மடியில் எல்லோருக்கும் தெரியும்படி வருவதற்காக. அதைக் கடந்து எந்தக் காவலரின் பார்வையும் தூக்குவாளிக்குள் போனதில்லை.

ஆய்வின் அடுத்த கட்டம் மே மாதம் ஏற்காட்டுக் கோடை விழாவில் நடைபெறும். பெரிய தூக்குவாளியாக ஒன்று வாங்கியாகிவிட்டது.