தூக்குவாளியோடு போன எழுத்தாளர்

கேள்வி: நாவல் எழுதி எந்த முதலாளியையாவது அசைக்க முடியுமா?

பதில்: முதலாளி அசைந்தாரோ இல்லையோ, அமெரிக்க ஜனாதிபதியே அசைந்தார்! 1904-ல் எழுத்தாளர் அப்டன் சிங்க்ளேர், தொழிலாளிபோலச் சாப்பாட்டுத் தூக்குவாளியோடு சிகாகோ இறைச்சிக்கூடங்களில் ஏழு வாரம் புழங்கினார். அமிலம் விரல் விரலாய் அரித்த தொழிலாளிகளையும், அங்கே தயாரான அசுத்தக் கறியையும் ‘தி ஜங்கிள்’ நாவலில் எழுதினார். 1906-ல் புத்தகம் வந்த நான்கே மாதத்தில் இறைச்சிப் பரிசோதனைச் சட்டத்தில் ஜனாதிபதி தியோடர் ரூஸ்வெல்ட் கையெழுத்திட்டார்.

சிங்க்ளேர் எழுதியது தொழிலாளியின் வயிற்றுக்காக. நாடு பதறியதோ தன் வயிற்றுக்காக! கறிக்குச் சட்டம் வந்தது. அதை வெட்டியவனின் கூலிக்கும் விரலுக்கும் அதில் இடமில்லை. அநியாயம்தான். சிங்க்ளேர் விடவில்லை. கொலராடோ நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர்களுக்காக 1917-ல் ‘கிங் கோல்’ எழுதினார்.