கை படாத ஆட்டம்

கால்பந்தில் பந்தைக் கையால் தொடக்கூடாது. இது சின்னக் குழந்தைக்கும் தெரியும். பதக்கத்தைத் தொடலாமா, தொட்டால் எங்கே வைக்கலாம் என்பது பற்றி விதிப்புத்தகத்தில் ஒரு வரியும் இல்லை. இந்த ஓட்டையை உலகத்துக்குக் காட்டிக் கொடுத்த பெருமை ஜோசே மரியா மரினைச் சேரும்.

2012 ஜனவரி, சாவோ பாவ்லோ நகரம். இளையோர் கோப்பையை வென்ற கொரிந்தியன்ஸ் பையன்கள் வியர்வை காயாமல் வரிசையில் நிற்கிறார்கள். மேடையில் பிரேசில் கால்பந்துக் கூட்டமைப்பின் துணைத்தலைவர் மரின், எண்பதை நெருங்கும் பெரியவர். கையில் ஒரு பதக்கம் வருகிறது. அது எந்தப் பையனின் கழுத்துக்கும் போகவில்லை. அக்கம்பக்கம் பார்த்துவிட்டு, ரேஷன் கடையில் மிச்சச் சில்லறையை வாங்கிப் போடுவது போல, பைக்குள் போட்டுக்கொள்கிறார். எல்லாம் டிவியில் ஓடிக்கொண்டிருக்கிறது. கடைசியில் கோல்கீப்பர் பையனுக்குப் பதக்கம் இல்லை. கேட்டதற்கு, அது தனக்கு மரியாதைக்காகக் கொடுக்கப்பட்டது என்றார் பெரியவர். இரண்டு மாதம்கூட ஆகவில்லை, அவரையே கூட்டமைப்பின் தலைவராக்கினார்கள். திறமையை மதிக்கத் தெரிந்த நாடு.

அந்தக் கூட்டமைப்பு நடத்துவதுதான் கோப்பா டு பிரசில். நாட்டின் எல்லா மாநிலங்களிலிருந்தும் கிளப்புகள் வந்து மோதும் தேசியக் கோப்பை. 1989இல் தொடங்கியது. 2025 வரை இறுதிப்போட்டி எப்போதும் இரண்டு ஆட்டம்: ஒன்று என் ஊரில், ஒன்று உன் ஊரில். ஆங்கிலம் பேசுகிறவர்கள் இதை 'லெக்' என்கிறார்கள், அதாவது கால். பிரேசிலில் இன்னும் அழகாகச் சொல்வார்கள்: 'ஈடா', 'வோல்டா'. போதல், வருதல். ஆட்டக்காரர்கள் போவார்கள், வருவார்கள். ரசிகன் கடன் வாங்கி, ராத்திரி முழுக்க பஸ்ஸில் உட்கார்ந்து போவான், வருவான். ஒன்று மட்டும் போகும், வரவே வராது. அது என்னவென்று வாசகருக்கு நான் சொல்லவேண்டியதில்லை.

கோப்பை பிறந்த அதே 1989இல்தான் ரிக்கார்டோ டெய்ஷெய்ரா கூட்டமைப்பின் தலைவரானார். மாமனார் ஹாவெலாஞ்ச் அப்போது ஃபிஃபாவின் தலைவர். மாமனார் உலகத்தைப் பார்த்துக்கொண்டார், மாப்பிள்ளை நாட்டைப் பார்த்துக்கொண்டார். குடும்பத்துக்குள்ளேயே முடிந்துவிட்டதால் வெளியாளுக்கு வேலை மிச்சம். 23 ஆண்டுகள் இருந்தார். 2019இல் ஃபிஃபா அவருக்கு வாழ்நாள் தடை விதித்தது, ஊழலுக்காக. பதவியை விட்டு ஏழு ஆண்டு கழித்து வந்த வாழ்நாள் தடை! வாழ்வின் பெரும்பகுதி முடிந்தபிறகு வாழ்நாள் தடை போடுவதில் ஒரு நாகரிகம் இருக்கிறது.

அடுத்து நம் பதக்கப் பெரியவர். 2014இல் ரியோவில் கூட்டமைப்புக்குப் பளபளவென்று புதுக் கட்டடம் எழும்பியது. அதற்கு ஜோசே மரியா மரின் மாளிகை என்று, அவர் பதவியில் இருக்கும்போதே, பெயர் வைத்தார்கள். 2015 மே 27 விடியற்காலை சூரிச் நகரத்தின் ஐந்து நட்சத்திர ஓட்டலில், அமெரிக்காவின் கால்பந்து ஊழல் வழக்குக்காக, சுவிஸ் போலீஸ் அவரை எழுப்பிக் கைது செய்தது. மறுநாளே ரியோவில் கட்டட முகப்பிலிருந்த எழுத்துகளை ஒவ்வொன்றாகப் பெயர்த்து எடுத்தார்கள். உலோக எழுத்துகள், பெயர்த்த இடத்தில் சுவரில் ஆணித் துளை மட்டும் மிஞ்சியிருக்கும். நேற்றுவரை நண்பராக இருந்தவர்களுக்கு, ஏணி கொண்டுவர ஒரே ஒரு நாள்தான் தேவைப்பட்டது.

2017 டிசம்பரில் நியூயார்க்கின் நடுவர் குழு அவரைக் குற்றவாளி என்றது. எந்தெந்தப் போட்டிக்கு? தென்னமெரிக்கக் கிளப்புகளின் லிபர்ட்டடோரஸ், நாடுகளின் கோப்பா அமெரிக்கா, அப்புறம் நம்முடைய கோப்பா டு பிரசில். ஒளிபரப்பு உரிமையை ஒரு நிறுவனத்துக்குக் கொடுக்க ஆண்டுக்கு 20 லட்சம் ரெயால் கையூட்டு என்று அமெரிக்க வழக்கறிஞர்கள் வைத்த குற்றப்பத்திரிகையில் இருந்தது. பழைய தலைவருக்கு இன்னும் படியளக்க வேண்டுமா என்று கேட்டதற்கு, இனி நம் பக்கம் வரவேண்டிய காலமில்லையா என்ற பொருளில் பெரியவர் பேசியது ஒலிப்பதிவாகவே சிக்கியது. சின்னப் பையனின் பதக்கத்தில் கை வைத்தபோதே பிடித்திருந்தால் நான்கு வருஷச் சிறை மிச்சமாகியிருக்கும். ஆனால் நாம் எப்போதும் சின்னத் திருட்டைப் பார்த்துச் சிரிக்கிறோம். பெரிதானதும் அதிர்ச்சி அடைகிறோம்.

மூன்றாமவர் மார்கோ போலோ டெல் நேரோ. பெயரில் உலகப் பயணி. சூரிச்சில் நண்பரைப் பிடித்ததும் இவர் அவசரமாக ஊர் திரும்பினார். அதற்குப் பிறகு பிரேசில் எல்லையைத் தாண்டவில்லை. தேசிய அணி எந்த நாட்டில் ஆடினாலும் தலைவர் வீட்டில் டிவி பார்த்தார். 'ஈடா' இல்லாமல் 'வோல்டா' மட்டும் ஆடிய ஒரே வீரர். 2018இல் இவருக்கும் வாழ்நாள் தடை. நான்காவதாக வந்தவர், பெண் ஊழியர் ஒருவர் கொடுத்த பாலியல் துன்புறுத்தல் புகாரில் 2021இல் இடைநீக்கம் செய்யப்பட்டார். ஐந்தாவது, எட்னால்டோ ரோட்ரிகஸ். 2025 மார்ச்சில் 27 மாநிலச் சங்கங்களும் ஏகமனதாக அவரை மறுபடி தேர்ந்தெடுத்தன. ஏன் இவ்வளவு ஒற்றுமை என்று ஏங்கிய நல்லவர்களுக்கு அடுத்த மாதமே 'பியாவி' என்ற இதழ் பதில் சொன்னது: மாநிலச் சங்கத் தலைவர்களின் மாதச் சம்பளம் 50,000 ரெயாலிலிருந்து 2,15,000 ரெயாலாக ஏற்றப்பட்டிருந்தது. நம் பணத்தில் மாதம் முப்பது லட்சத்துக்கு மேல். இந்த விலைக்கு நானும் ஏகமனதாக இருப்பேன். மே மாதம் நீதிமன்றம் அவரை இறக்கியது. அவர் பதவிக்கு ஆதாரமான ஒப்பந்தத்தில், உடல்நலம் குன்றிய முன்னாள் தலைவர் ஒருவர் போட்ட கையெழுத்து அவருடையதுதானா என்று சந்தேகம்.

கையூட்டு, கையெழுத்து, கைவரிசை. காலால் ஆடும் ஆட்டத்தில் இத்தனை கை எங்கிருந்து முளைத்தது?

இப்போது 2024 இறுதிப்போட்டிக்கு வருவோம். ஃபிளமெங்கோ, அத்லெட்டிகோ மினெய்ரோ. நவம்பர் 3, ரியோவின் மரக்கானா மைதானத்தில் முதல் ஆட்டம்: ஃபிளமெங்கோ 3-1. நவம்பர் 10, பெலோ ஒரிசோன்ட்டியில் இரண்டாவது. இடையில் ஏழு நாள். பயிற்சி, ஓய்வு, வியூகம் என்று அந்த வாரம் போகும் என்று நினைப்போம். நவம்பர் 5 காலை, ஃபிளமெங்கோவின் பயிற்சிக் கூடத்துக்கு வந்தது பெடரல் போலீஸ். முன்கள வீரர் புருனோ என்ரிக்கே, ஒரு வருஷத்துக்கு முந்தைய லீக் ஆட்டத்தில் வேண்டுமென்றே மஞ்சள் அட்டை வாங்கினார், அது தெரிந்து அவர் உறவினர்கள் பந்தயம் கட்டினார்கள் என்று சந்தேகம். அவர் மறுத்தார். விளையாட்டு நடுவர் மன்றம் கடைசியில் ஆடத் தடை இல்லை, ஒரு லட்சம் ரெயால் அபராதம் போதும் என்று விட்டது. குற்றமா இல்லையா என்பதை நீதிமன்றம் பார்த்துக்கொள்ளட்டும். எனக்குப் பிடிபடாதது வேறு. சூதாட்டம் ஆட்டத்துக்குள் நுழைந்துவிட்டது என்று எல்லோரும் பதறினார்கள். எதற்குள் நுழைந்தது? அந்த ஆண்டு கோப்பையின் அதிகாரபூர்வப் பெயரே கோப்பா பெட்டானோ டு பிரசில். பெட்டானோ ஒரு பந்தய நிறுவனம். அத்லெட்டிகோ வீரர்களின் மார்பிலும் அதே பெயர். ஃபிளமெங்கோ வீரர்களின் மார்பில் இன்னொரு பந்தய நிறுவனத்தின் பெயர். கோப்பையில் சூது, சட்டையில் சூது, கோட்டோர விளம்பரப் பலகையில் சூது. இதற்கு நடுவே சூது ஆடக்கூடாத ஒரே ஆள் ஆட்டக்காரன். சாராயக் கடைக்குள் பூஜை அறை வைத்துவிட்டு, வாசனை வருகிறதே என்று மூக்கைப் பிடித்துக்கொள்கிறார்கள்.

சிரிப்பு இத்தோடு போதும். 2024 செப்டம்பரில் பிரேசிலின் மத்திய வங்கி ஒரு குறிப்பு வெளியிட்டது. ஏழைக் குடும்பங்களுக்கு அரசு மாதாமாதம் கொடுக்கும் உதவித்தொகை 'போல்சா ஃபமிலியா'. குறைந்தது 600 ரெயால். பெரும்பாலும் வீட்டுப் பெண்ணின் பெயரில் வரும். அந்தத் தொகை பெறும் குடும்பங்களைச் சேர்ந்த 50 லட்சம் பேர், ஆகஸ்ட் என்ற ஒரே மாதத்தில், செல்போனைத் தட்டிப் பந்தய நிறுவனங்களுக்கு அனுப்பியது 300 கோடி ரெயால். நம் கணக்கில் ஏறக்குறைய 4,500 கோடி ரூபாய். ஒரே மாதம். அரிசி, பீன்ஸ், பிள்ளைக்குச் செருப்பு, சமையல் காஸ். அரசாங்கம் ஒரு கையால் கொடுத்ததை இன்னொரு கை வாங்கிப் போகும் வழியில் நின்று சீட்டி அடிக்கிறது கால்பந்து. இந்தப் பணத்தின் ஒரு துளிதான் சட்டை விளம்பரமாகத் திரும்புகிறது. அதைத்தான் 'விளையாட்டில் முதலீடு' என்று சங்கத் தலைவர்கள் நெஞ்சு நிமிர்த்திச் சொல்கிறார்கள். பால் குடிக்கும் பிள்ளையின் புட்டியைப் பிடுங்கி, அதில் அரை டம்ளரை ஊர்த் திருவிழா மோருக்குக் கொடுத்துவிட்டு, பந்தல் வாசலில் பெயர் போட்டுக்கொள்வது எந்த ஊர் தர்மம்?

நவம்பர் 10க்குப் போகிறேன். 82ஆவது நிமிடம், ஃபிளமெங்கோவின் கொன்சாலோ பிளாட்டா கோல் அடிக்கிறார். மொத்தக் கணக்கு 4-1, கதை முடிந்தது. காலரியிலிருந்து வெடிகுண்டுகள் விழுகின்றன. ஒன்று, கோட்டோரம் படம் எடுத்துக்கொண்டிருந்த புகைப்படக்காரரின் காலடியில் வெடிக்கிறது. பாத விரல்கள் முறிந்தன, தசைநாண்கள் அறுந்தன, அறுவை சிகிச்சை. பந்தை ஒருமுறைகூட உதைக்காதவரின் கால் அது. கோப்பையின் பெயரை வாங்கிய நிறுவனத்துக்குச் சேதம் இல்லை. கூட்டமைப்புக்குச் சேதம் இல்லை. ஜெயித்த கிளப்புக்கு 7 கோடியே 35 லட்சம் ரெயால். தோற்ற கிளப்பின் மைதானத்துக்குப் பூட்டு. அத்தனை சோதனை வாசல்களைத் தாண்டி அந்த வெடிகுண்டுகள் எப்படி உள்ளே வந்தன? வீட்டுத் தண்ணீர் பாட்டிலைப் பிடுங்கிக்கொள்ளும் நவீன மைதானம், 2023இல்தான் திறந்தது. தண்ணீர் உள்ளே போனால் கேன்டீன் விற்பனை குறையும். வெடிகுண்டு உள்ளே போனால் எதுவும் குறையாது.

2025 இறுதியும் சளைத்ததல்ல. கொரிந்தியன்ஸ், வாஸ்கோ. சொந்த மண்ணில் 0-0, மரக்கானாவில் 2-1, கோப்பை கொரிந்தியன்ஸுக்கு. அந்த கிளப்பின் கடன் 200 கோடி ரெயாலுக்கும் மேல். அதே ஆண்டு ஆகஸ்டில் அதன் தலைவரை உறுப்பினர்களே ஓட்டுப் போட்டு வீட்டுக்கு அனுப்பியிருந்தார்கள். ஒரு பந்தய நிறுவனத்துடன் போட்ட சட்டை விளம்பர ஒப்பந்தத்தின் கமிஷன் பினாமிக்குப் போனது என்று புகார். பினாமியை அங்கே 'லரஞ்சா' என்பார்கள், ஆரஞ்சுப்பழம். சாறு இன்னொருவருக்கு, சக்கைக்கு மட்டும் பழத்தின் பெயர்.

இதெல்லாம் போகட்டும், இந்தக் கோப்பையை நான் ஏன் இன்னும் பார்க்கிறேன் என்று கேட்டால், ஜுண்டியாயி என்பேன். சாவோ பாவ்லோ பக்கத்து ஊர். அங்கே பாவ்லிஸ்டா என்று ஒரு கிளப். 2005 இறுதியில் எதிரே ரியோவின் ஃபுளுமினென்ஸ். சொந்த ஊரில் பாவ்லிஸ்டா 2-0. ரியோவுக்குப் போய் ஒரு கோல்கூட வாங்காமல் 0-0. கோப்பை பஸ் ஏறி ஜுண்டியாயிக்கு வந்தது. அதற்கு முந்தைய ஆண்டு சாண்டோ ஆண்ட்ரே, மரக்கானாவிலேயே ஃபிளமெங்கோவை 2-0 என்று மடக்கியது. இரண்டு ஆட்டம் இருந்ததால் சின்ன ஊருக்கும் ஒருநாள் இறுதிப்போட்டி கிடைத்தது. பெரிய கிளப் அந்த ஊருக்கு வந்தே ஆகவேண்டும். அதுதான் 'ஈடா'.

2013 முதல் லிபர்ட்டடோரஸ் ஆடும் பெரிய கிளப்புகள் நேரே பின்சுற்றுகளில் வந்து உட்காரலாம் என்றார்கள். அதற்குப் பிறகு இப்படி ஒரு சின்ன ஊர் ஜெயிக்கவே இல்லை. பாவ்லிஸ்டா மாநிலத்தின் அடிப்பிரிவுகளில் போய் விழுந்தது. 2025இல் கூட்டமைப்பு புது அட்டவணை வெளியிட்டது: 2026 முதல் இறுதிப்போட்டி ஒரே ஆட்டம், பொது மைதானத்தில். 1989 முதல் 2025 வரை இருந்த இரண்டு காலில் ஒன்றை வெட்டியாயிற்று. ஆட்டக்காரர்களுக்கு ஓய்வு வேண்டும் என்று காரணம் சொல்வார்கள். ஓய்வு வேண்டியதுதான். அதற்கு எத்தனையோ ஆட்டம் இருக்க, உள்ளூர்க்காரன் வீட்டிலிருந்து நடந்தே போய்ப் பார்க்கிற அந்த ஒரு ஆட்டம்தான் கண்ணில் பட்டது.

ஜுண்டியாயியின் ஜெய்மே சிந்த்ரா மைதானம் இன்னும் இருக்கிறது. நாளைக்கே அந்த ஊர்ப் பையன்கள் எல்லாரையும் ஜெயித்து இறுதிக்கு வந்தாலும், அந்தக் காலரியில் உட்கார்ந்து அதைப் பார்க்க முடியாது. வேறு ஊர், வேறு டிக்கெட் விலை, விடிய விடிய பஸ். முடிவில் பதக்கம் கொடுக்க மேடையில் யாராவது பெரியவர் நிற்பார். கோல்கீப்பரை வரிசையில் முதலில் நிற்கச் சொல்லுங்கள்.