மச்சானின் அத்தி வைத்தியம்

ரிட்டயர் ஆன மனிதருக்கு ஒரு நோய் தேவைப்படுகிறது. எழுந்ததும் கவலைப்பட, வந்தவர்களிடம் விவரிக்க, போனில் யோசனை கேட்க. கோவையில் இருக்கும் என் மச்சானுக்குச் சர்க்கரையும் இல்லை, பிரஷரும் இல்லை. எனவே அவருடைய அத்திச் செடிகளுக்குத் துரு நோய் வந்தது.

மொட்டை மாடியில் பாலித்தீன் போர்த்திய குடில். உள்ளே தொட்டிகளில் பூனா அத்தி, டயானா, பிரவுன் டர்க்கி. போன ஐப்பசியில் பெட்டியைக்கூடக் கீழே வைக்கவிடாமல் மேலே இழுத்துப்போனார்.

"இந்த எலையத் திருப்பிப் பாருங்க மாப்ளே."

மேலே மஞ்சள் புள்ளி. திருப்பினால் அடிப்பக்கம் முழுக்கப் பொடிப்பொடியாய்க் கொப்புளம். தொட்ட விரலில் பழுப்புத் தூள் ஒட்டியது. வேட்டியில் துடைக்கப் போனேன், அலறிவிட்டார். அந்தத் தூள்தான் பூஞ்சையின் வித்தாம். காற்றில் ஏறி அடுத்த இலைக்குப் போய், அங்கே ஈரம் இருந்தால் முளைத்துவிடும்.

பெயர் செரோட்டெலியம் ஃபிசி. மச்சான் அதைச் சம்பந்தியின் பெயரைப் போல மரியாதையோடுதான் உச்சரிக்கிறார். புனே பக்கம் புரந்தரில், புவிசார் குறியீடு வாங்கிய அத்தியையே இது விடுவதில்லை என்பதில் அவருக்கு ஒரு பெருமை. 1869-இல் இலங்கையில் தலைகாட்டி, காப்பித் தோட்டங்களைத் தின்று தீர்த்த காப்பித் துரு இதற்குத் தூரத்துப் பங்காளி. அங்கே மலைகளில் தேயிலை ஏறியதற்கு அதுவே பெரிய காரணம். இதைச் சொல்லிவிட்டு என் கையில் டீயைக் கொடுத்தார். அந்த வீட்டில் என்றைக்கும் ஃபில்டர் காப்பிதான்.

எனக்கு மிகவும் பிடித்தது குடில்தான். மழை இலையில் படக்கூடாது என்று செலவு செய்து கட்டியது. மழை படவில்லை. ஆனால் ராத்திரியில் பாலித்தீனின் உட்பக்கம் வியர்த்து, விடியற்காலையில் சொட்டுச்சொட்டாக இலைமேல் விழுகிறது. துருவுக்கு வேண்டியதே நனைந்த இலைதான். பார்க்க வந்த தோட்டக்கலைக்காரர் சொன்ன முதல் வைத்தியம், பக்கத்துத் தாளைச் சுருட்டிக் கட்டுங்கள். இரண்டாவது, தொட்டிகளைத் தள்ளித் தள்ளி வையுங்கள். அப்படி வைத்தால் பாதித் தொட்டி குடிலுக்கு வெளியே நிற்கும். நல்ல வைத்தியர்தான், குடிலையே பிரித்துவிடுங்கள் என்று சொல்லவில்லை. காற்றோட்டத்துக்கு ஃபேனும் வந்தது. ஹாலில் ஓடுவதைவிட அது புதுசு என்பதில் மாமியாருக்கு மனத்தாங்கல்.

உதிர்ந்த இலைகளைப் பொறுக்கி மூட்டை கட்டுவது விருந்தாளியின் வேலை. உரக்குழியில் போடக்கூடாது. நோய் இலையைக் கிள்ளும்போது வடியும் பால் கையில் பட்டு, அதில் வெயிலும் பட்டால் தோல் எரியும். சிவந்த கையை மனைவியிடம் காட்டினேன். "செடி பொழச்சிருமா?" என்றாள்.

கடைசியாக போர்டோ கலவை. 10 லிட்டர் தண்ணீருக்கு மயில்துத்தம் 100 கிராம், சுண்ணாம்பு 100 கிராம். தனித்தனிப் பிளாஸ்டிக் வாளியில் கரைத்துச் சேர்க்க வேண்டும். இரும்புக் கத்தியை முக்கினால் செம்பு படியக்கூடாது. படிந்தால் சுண்ணாம்பு போதவில்லை. மச்சானின் மனைவி சமையலறைக் கத்தியைத் தேடிக்கொண்டிருந்தார். பிரான்சில் போர்டோ பக்கம், வழிப்போக்கர்கள் திராட்சை பறிக்காமலிருக்கத் தெளித்துவைத்த நீலச் சரக்கு இது. தெளித்த கொடிகளில் நோய் குறைந்ததைக் கவனித்த மில்லார்டே 1885-இல் இதை மருந்தாக எழுதிவைத்தார். வந்த நோயைத் தீர்க்காது, வராத இலையைக் காக்கும். அதுவும் அடிப்பக்கம் பட்டால்தான். மச்சான் தொட்டிகளுக்கு நடுவே மல்லாந்து படுத்து மேல்நோக்கி அடித்தார். இலைக்குப் பாதி, சட்டைக்குப் பாதி.

மழை ஓய்ந்து புது இலை சுத்தமாக வந்தது. பிறகு சில காய்கள் பழுத்தும்விட்டன. பழைய இலைகளின் நீலக் கறையைப் பார்த்துப் பக்கத்து வீட்டுப் பையன் கிட்டே வரவில்லை. அணிலுக்கு அந்தப் பயமெல்லாம் இல்லை. சுருட்டிக் கட்டிய தாளின் வழியாக நேராக உள்ளே வந்தது.

நேற்று போன். "காத்து வரோணும், அணிலு வரக் கூடாதுங்க. அப்படியொரு வலை அங்க சென்னைல கிடைக்குங்களா மாப்ளே?"