திரைக் கூடைப்பந்தில் பிளாக்: ஓர் இலக்கண ஆராய்ச்சி

பிளாக் என்பது, கூடையை நோக்கி எறியப்பட்ட பந்தை அது மேலேறும்போதே கையால் தட்டித் தடுத்தல். இறங்கத் தொடங்கியபின் தொட்டால் அது பிளாக் அன்று. கோல்டெண்டிங் என்னும் குற்றம். பந்து கூடைக்குள் விழுந்ததாகவே அப்போது கொள்ளப்படும். அமெரிக்கக் கல்லூரி ஆட்டத்தில் இத்தடை 1944-இல் வந்தது. விழவிருந்த பந்துகளை வளையத்துக்கு மேலேயே பறித்துக்கொண்டிருந்த ஜார்ஜ் மைக்கன், பாப் கர்லாண்ட் என்னும் இரு நெட்டையர்களே காரணம். இது மெய்யாட்டத்தின் இலக்கணம். வீடியோ கேமின் இலக்கணம் இதைவிடச் சுருக்கமானது: பட்டனை அழுத்துக.

இவ்விரண்டையும் இசைவிப்பது எப்படி என்பதே ஆய்வுப் பொருள். முன்னோர் எவரும் இதைத் தொடவில்லை. ஆகவே முன்னோர் கருத்துகளை மறுக்கும் இயல் மட்டும் சற்றே சிறுத்துவிட்டது.

பிளாக் நான்கு வகைப்படும்: முன்னின்று தடுத்தல், பக்கத்திலிருந்து வந்து தடுத்தல், துரத்தித் தடுத்தல், தடுக்க எம்பி ஏமாறுதல். முதலாவது வெளிப்படை. இரண்டாவது முதலாவதைப் போன்றதே. மூன்றாவதற்குச் சான்று, அமெரிக்கத் தொழில்முறைக் கூடைப்பந்துக் கழகமான என்.பி.ஏ.யின் இறுதித் தொடரில் 2016 ஜூன் 19 அன்று நடந்த ஏழாம் ஆட்டம். இரு அணிகளும் 89 புள்ளிகளில் நிற்கையில், லெப்ரான் ஜேம்ஸ் பின்னாலிருந்து ஓடிவந்து ஆண்ட்ரே இகுடாலாவின் லேஅப்பைப் பலகையோடு சேர்த்து அறைந்தார். என்.பி.ஏ. 2கே வரிசையின் பல கேம்களில் இவ்வகைக்கென்றே 'சேஸ் டவுன் ஆர்ட்டிஸ்ட்' என்னும் பட்டயம் உண்டு. பட்டயம் கிடைத்துவிட்டால் திறமையும் கூடவே வந்துவிடும் என்னும் கொள்கை பல்கலைக்கழகங்களிலிருந்து பெறப்பட்டதாகலாம். நான்காம் வகையே எண்ணிக்கையில் மிகுதி. அதற்குப் பட்டயம் இல்லை.

அடுத்தது காலவியல். 70 சென்டிமீட்டர் எம்புகிறவர் திரும்பத் தரை தொட முக்கால் விநாடி ஆகும். விநாடிக்கு 60 சட்டகம் ஓடும் திரையில் அது 45 சட்டகம். கண் கண்டு விரல் அழுத்துவதற்குள் பன்னிரண்டோ பதினைந்தோ போய்விடும். தொலைக்காட்சியின் தாமதமும் இணையத்தின் தாமதமும் மிச்சத்தில் கைவைக்கும். மெய்யாட்டக்காரர் எறிபவரின் உடல் போக்கைப் பார்த்து முன்னதாகவே எம்புகிறார். கேம் ஆடுபவரோ பந்து கிளம்பிய பிறகு விழித்துக்கொள்கிறார். அவர் மனம் புண்படாதிருக்கத் தயாரிப்பாளர்கள் ஒரு சலுகை வைத்திருக்கிறார்கள்: பட்டன் அழுந்தியதும் தடுப்பவர் பந்தை நோக்கி இழுபட்டுப் போவார். கால் நடக்காது, ஆள் நகர்வார். இந்தச் சறுக்கலை ஒழிக்க வேண்டும் என்பதில் கருத்து வேறுபாடு இல்லை. கருத்து வேறுபாடு இல்லாத இடத்தில் ஆய்வாளருக்கு வேலையும் இல்லை.

தலையாய சிக்கல் கையும் பந்தும் பற்றியது. பல கேம்களில் பந்து கையை விட்டகலும் கணத்திலேயே முடிவு தீர்மானமாகிவிடுகிறது. எறிபவரின் திறன் எண், தடுப்பவரின் பிளாக் எண், இருவருக்கும் இடையிலுள்ள தூரம் ஆகியவற்றைக் கூட்டிக் கழித்து நிரல் பகடை உருட்டுகிறது. பிறகுதான், முன்பே பதிவுசெய்து வைத்த அசைவுகளில் முடிவுக்கு ஏற்றதைத் தேடி எடுக்கிறது. பகடை 'கூடை' என்று சொல்லிவிட்டால் குறுக்கே எந்தக் கை நின்றும் பயனில்லை. பந்து உள்ளங்கையைத் துளைத்துக்கொண்டு மறுபுறம் போய்விடும். கையில் துளை இராது.

என்.பி.ஏ. விதிநூலோ, பந்தின்மீது இருக்கும் கை பந்தின் பகுதியே என்கிறது. அக்கையில் படும் அடி குற்றமாகாது. இரண்டையும் சேர்த்துப் படித்தால், எறிபவரின் கை பந்து, தடுப்பவரின் கை காற்று என்றாகிறது. இங்கேதான் கட்சிகள் பிரிகின்றன. பந்து முதல், கை அதன் சினை என்போர் சினைவாதிகள்: பந்து புகுந்த கணத்தில் தடுப்பவரின் கையும் பந்தாயிற்று, பந்து பந்தைத் தடுக்காது என்பது இவர்கள் துணிபு. கையே இல்லை என்போர் சூனியவாதிகள். மூன்றாம் கட்சியார், அந்தக் கை பிற்காலத்தார் நுழைத்த இடைச்செருகல், மூலப் பிரதியில் தடுப்பவர் கையைத் தொங்கவிட்டே நின்றார் என்பர். இதற்கு இவர்கள் காட்டும் சான்று, சினைவாதிகள் எழுதிய மறுப்புரையின் மூன்றாம் அடிக்குறிப்பு. அந்த அடிக்குறிப்பு 'மேலே காண்க' என்கிறது. மேலே கண்டால், 'அடிக்குறிப்பில் விரித்துரைக்கப்படும்' என்றிருக்கிறது. இச்சுற்றை அறுக்க முன்வந்த நான்காம் கட்சியார் அந்த அடிக்குறிப்புக்கு ஓர் உரையும், உரைக்கொரு பிழைதிருத்தப் பட்டியலும் வெளியிட்டனர். பட்டியலில் ஒரு பிழையைக் கண்டவருக்கு முனைவர் பட்டம் கிட்டியது. நான்கு கட்சியாரிலும் கண்ட்ரோலரைத் தொட்டவர் ஒருவருமில்லை என்பது பின்னர் தெரியவந்தது. இதனால் வாதத்தின் தரம் குன்றியதாகச் சொல்வதற்கில்லை.

தீர்வு சிறியது: முடிவை முன்கூட்டி எழுதிவைக்காமல், கையும் பந்தும் தொட்டனவா என்று ஒவ்வொரு சட்டகத்திலும் கணக்கிடுவது. விரல்நுனி பட்டால் பந்து சற்றே திசை மாற வேண்டும். உள்ளங்கை பட்டால் தெறிக்க வேண்டும். ஆனால் இயற்பியலைப் பெரிதும் நம்பிப் புறப்பட்ட என்.பி.ஏ. எலைட் 11 என்னும் கேமின் மாதிரி ஆட்டத்தில், 2010-இல், ஆண்ட்ரூ பைனம் என்னும் ஆட்டக்காரர் ஆடுகள நடுவே இரு கைகளையும் விரித்துச் சிலையாக நின்றுவிட்டார். கேம் கடைக்கு வரவேயில்லை. அந்த நிலையில் அவர் எவரையும் இடிக்கவில்லை என்பதையும் ஆய்வு பதிவுசெய்ய வேண்டும்.

1993-இல் வந்த என்.பி.ஏ. ஜாம் என்னும் கேமில், அடுத்தடுத்து மூன்று கூடை போட்டவர் தீப்பற்றிக்கொள்வார். அணையும்வரை கோல்டெண்டிங் அவருக்குக் குற்றமில்லை. விதியை மீறுவதாக ஒளிவுமறைவின்றிச் சொன்ன வகையில் இதுவே நேர்மையான நூல்.

பிளாக் எண்கள் எங்கிருந்து வருகின்றன என்பது தனி ஆய்வு. என்.பி.ஏ. பிளாக்கை முறையாகக் கணக்கெடுக்கத் தொடங்கியது 1973-74 பருவத்தில். அப்பருவத்திலேயே, 1973 அக்டோபர் 28 அன்று, எல்மோர் ஸ்மித் ஒரே ஆட்டத்தில் 17 பந்துகளைத் தடுத்தார். இன்றுவரை அதை மிஞ்சியவர் இல்லை. தடுப்பதில் பேர்பெற்ற பில் ரசலோ 1969-இலேயே ஓய்வு பெற்றார். வில்ட் சேம்பர்லின் கணக்குத் தொடங்குமுன் விலகினார். ஆவணச் சான்று ஒன்றையே ஏற்கும் அறிஞர்கள், ரசல் தம் வாழ்நாளில் ஒரு பந்தையும் தடுக்கவில்லை என்று நிறுவ இடமுண்டு. இதைவிட மெலிந்த ஆதாரத்தின்மேல் பெருநூல்கள் எழுந்திருக்கின்றன. கேமிலோ ரசலுக்கும் ஒரு பிளாக் எண் உண்டு. இல்லாத ஏட்டிலிருந்து பெயர்த்தெழுதிய எண் அது.

தடுத்த பந்து போய் விழும் இடம்: கேமில் பார்வையாளர் வரிசை, ரசலின் ஆட்டத்தில் தோழரின் கை.

எஞ்சியது அளவு. என்.பி.ஏ. வரலாற்றில் மிகுதியாகத் தடுத்தவர் ஹக்கீம் ஓலாஜுவான்: 1,238 ஆட்டங்களில் 3,830. ஆட்டத்துக்கு மூன்றுக்குச் சற்று மேல். ஒரு பருவத்தின் உச்சச் சராசரி 1984-85-இல் யூட்டா ஜாஸின் மார்க் ஈட்டன் கண்ட 5.56. மெய்யாட்டம் 48 நிமிடம். கால் பகுதிக்கு 5 நிமிடம் வைத்து வீட்டில் ஆடினால் மொத்தம் 20 நிமிடமே. அக்கணக்கில் ஓலாஜுவானுக்கே ஒன்றேகால் பிளாக்தான் தேறும். மெய்ம்மை கோருவோர் அதற்குமேல் கேட்கலாகாது.