இதர செலவு

திருப்பாச்சூர் வாசீஸ்வரர் கோயிலுக்குப் போய் வந்தவர்களுக்கு இந்தக் கதை தெரிந்திருக்கும். இந்தப் பக்கத்தை ஆண்ட குறுநில மன்னன் ஒருவன் கரிகாலனுக்குக் கப்பம் கட்ட மறுத்தானாம். அவனுக்குக் காளி துணை. சோழன் படை செல்லுபடியாகவில்லை. கரிகாலன் சிவனிடம் முறையிட, சிவன் நந்தியை அனுப்பிக் காளியை விலங்கிட்டு அடைத்தாராம். தலபுராணம் அத்தோடு நிற்கிறது. பாக்கி வசூலுக்குக் கைலாயத்திலிருந்தே ஆள் வந்தது. வசூலான கப்பத்தில் எந்த ஏரிக்கு மதகு வைத்தார்கள், யார் எடுத்துச் செய்தார்கள், எவ்வளவு ஆயிற்று என்பதற்கு ஒரு வரியும் கிடையாது. இந்த ஒரு விஷயத்தில் நம் அரசுகள் புராணத்தைச் சிறிதும் மீறுவதில்லை.

வீட்டு வரி பாக்கி என்றால் வீடு தேடி நோட்டீஸ் வரும். சோப்பு வாங்கினாலும் பில்லில் ஜிஎஸ்டி பைசா சுத்தமாக நிற்கும். வாங்குகிற பணத்துக்கு இவ்வளவு துல்லியமான கணக்கு எழுதத் தெரிந்த அரசுக்கு, செலவழித்த பணத்துக்கு எழுதும்போது மட்டும் மை தீர்ந்துவிடுகிறது.

ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். கணக்கை இப்போது யாரும் பூட்டி வைப்பதில்லை. பூட்டினால் சந்தேகம் வரும், கோர்ட்டுக்குப் போவார்கள். அதனால் காட்டுகிறார்கள். காட்டியே மறைக்கிற இந்தக் கலையில் நாம் அடைந்திருக்கும் தேர்ச்சிக்குப் பத்மஸ்ரீ கொடுக்கலாம்.

கிராம சபையை எடுத்துக்கொள்ளுங்கள். ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, பிறகு சேர்த்த மார்ச் 22, நவம்பர் 1 என்று வருஷத்துக்கு ஆறு. ஊராட்சியின் வரவு செலவைப் படிவம் 30 என்ற தாளில் எழுதி, ஃப்ளெக்ஸ் அடித்து, சபையில் வைத்து ஒப்புதல் வாங்க வேண்டும். எந்த ஊர் என்று கேட்காதீர்கள், உங்கள் ஊரையே வைத்துக்கொள்ளுங்கள். ஃப்ளெக்ஸ் இருக்கும். தலைவர்களின் முகங்கள் மூன்றடிக்கு மூன்றடி, கணக்கின் எழுத்து எறும்பு ஊர்வது போல. கட்டியிருக்கும் இடம் சபைக்கு முதுகு காட்டும் சுவர். நூறு நாள் வேலைக்காரப் பெண்கள் வரிசையில் நின்று வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டு, வெயில் ஏறுவதற்குள் கலைய வேண்டுமே என்ற கவலையில் உட்கார்ந்திருப்பார்கள். செயலர் படிக்க ஆரம்பிப்பார். ஏலக்கடைக்காரர் அவரிடம் பாடம் கேட்க வேண்டும். குடிநீர்ப் பராமரிப்பு, தெருவிளக்கு, பிளீச்சிங் பவுடர், மோட்டார் ரிப்பேர், மோட்டார் ரிப்பேர், மறுபடியும் மோட்டார் ரிப்பேர், இதர செலவு. வரிசையில் மோட்டாருக்கு அடுத்த பெரிய தொகை இந்த இதர செலவுதான்.

"இன்னாபா அது, இதர செலவுன்னா?" என்று ஒரு பெரியவர் எழுந்தால், "ஆடிட்டே முடிஞ்சிருச்சு பெரியவரே, குந்துங்க" என்பார் செயலர். இன்னும் யாராவது எழுந்தால், "அண்ணே, தனியா ஆபீஸுக்கு வாங்க, பேசிக்கலாம்." கைதட்டல், தீர்மானம் ஏகமனதாக நிறைவேற்றம், டீ, பிஸ்கட். மறுவாரம் ஃப்ளெக்ஸ் யார் வீட்டு மாட்டுக் கொட்டகையிலோ கூரை. அந்த மாட்டுக்குத்தான் ஊராட்சிக் கணக்கை நிதானமாகப் பார்க்க அவகாசம் இருக்கிறது.

திருவள்ளூர் மாவட்டத்தில் அந்த நாடகத்தின் கதாநாயகனும் இல்லாமல் போனார். 2019 டிசம்பரில் தேர்ந்தெடுக்கப்பட்ட தலைவர்களின் காலம் 2025 ஜனவரி 5 அன்று முடிய, நாற்காலி தனி அலுவலருக்குப் போனது. மாவட்டத்தில் 526 ஊராட்சிகள், 14 ஒன்றியங்கள். ஒன்றியத்துக்குச் சுமார் 38 ஊர், அத்தனைக்கும் தனி அலுவலர் ஒரே வட்டார வளர்ச்சி அலுவலர், அதாவது பிடிஓ. பணம் ஒதுக்குகிற அலுவலகமும் அதுதான், செலவழிப்பதும் அதுதான், செலவு சரிதான் என்று ஊருக்குச் சொல்வதும் அதுதான். 2016 முதல் 2019 வரையும் இதே கூத்து. தேர்தல் நடத்தவில்லை என்று அப்போது டெல்லி மானியத்தை நிறுத்தியது. கொடுத்தாலும் கணக்கு இல்லை, கொடுக்காவிட்டாலும் நஷ்டம் ஊருக்குத்தான்.

கிராம ஆட்சியின் பெருமை பற்றி மேடை ஏறுகிற எவரையும் கேளுங்கள், உத்திரமேரூர் என்பார்கள். 2020 டிசம்பரில் புதிய நாடாளுமன்றத்துக்கு அடிக்கல் நாட்டிய பிரதமரும் சொன்னார். அங்கே இருப்பவை முதலாம் பராந்தகன் காலத்து, 919, 921ஆம் ஆண்டுக் கல்வெட்டுகள். குடவோலை என்றதும் நெஞ்சு நிமிர்கிறது. அதே கல்லில் அடுத்து என்ன இருக்கிறது என்று இவர்கள் படித்தார்களா? வாரியத்தில் இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாதவன் பெயரைக் குடத்தில் போடக் கூடாது. அவன் மட்டுமில்லை, சித்தி பெரியம்மா பிள்ளைகள், அத்தை பிள்ளை, மாமன் பிள்ளை, மாமனார், மைத்துனன், சகோதரி புருஷன், மருமகன், அப்பன், மகன் யாருமே நிற்கக் கூடாது. இன்று இதை அமல்படுத்தினால் கட்சி அலுவலகங்களை வாடகைக்கு விட்டுவிடலாம், வம்சங்கள் வம்சங்களாக வீட்டுக்குப் போக வேண்டியிருக்கும். உத்திரமேரூரைப் புகழ்ந்த அந்த 2020ஆம் வருஷம்தான், பிஎம் கேர்ஸ் நிதி தகவல் உரிமைச் சட்டத்துக்குள் வராது என்று பிரதமர் அலுவலகம் பதில் எழுதியது. கல்வெட்டு பேச்சுக்கு, பதில் கடிதம் நமக்கு.

நேரம் இல்லை என்பது இன்னொரு சாக்கு. தேர்தல் பத்திரங்களை 2024 பிப்ரவரி 15 அன்று உச்ச நீதிமன்றம் ரத்து செய்து, விவரத்தைக் கொடு என்றது. ஸ்டேட் வங்கி ஜூன் 30 வரை அவகாசம் கேட்டது. மார்ச் 11 அன்று நீதிமன்றம் கடிந்துகொண்டது, மறுநாளே விவரம் வந்து சேர்ந்தது. நாட்டிலேயே பெரிய வங்கிக்கு மூன்றரை மாதம் பிடிக்கும் வேலை ஒரே ராத்திரியில் முடிந்தது. ஊராட்சிச் செயலர் "அடுத்த வாரம் வாங்க" என்றால் அவரை மட்டும் ஏன் திட்ட வேண்டும், அவர் பெரியவர்களைப் பார்த்து வளர்ந்தவர்.

சென்னைக் கோட்டைக்கு வருவோம். 2021 ஆகஸ்டில் அப்போதைய நிதியமைச்சர் பழனிவேல் தியாகராஜன் மாநில நிதிநிலை பற்றி வெள்ளை அறிக்கை வைத்தார். ஒவ்வொரு குடும்பத்தின் தலையிலும் 2,63,976 ரூபாய் கடன் என்று கடைசி ரூபாய் வரை சொன்னார். சொன்னதே பெரிய விஷயம், மறுக்கவில்லை. ஆனால் கடனில் என் பங்கை இவ்வளவு சுத்தமாகப் பிரித்துச் சொல்லத் தெரிந்த நிதித்துறைக்கு, வரவில் என் தெருவின் பங்கு என்ன என்று சொல்லத் தெரியவில்லையே? பட்ஜெட் காகிதமில்லாமல் கணினியில் வருகிறது. மானியக் கோரிக்கைகள் பிடிஎஃப் பிடிஎஃப்பாகக் கொட்டிக் கிடக்கின்றன. உள்ளே தலைப்பு எண், துணைத் தலைப்பு எண், கோடி, லட்சம். நம் ஊர் ஏரிக்கரைக்கு எவ்வளவு என்று அதில் கண்டுபிடிப்பவருக்கு நேராக ஐஏஎஸ் பதவி கொடுத்துவிடலாம்.

2025 மார்ச்சில் பட்ஜெட்டை ஒட்டி நாடே கொதித்தது. எதற்கு? இலச்சினையில் ரூபாய்க் குறியீட்டை எடுத்துவிட்டு 'ரூ' போட்டார்களாம். தேசத் துரோகம் என்று ஒரு பக்கம், தமிழ் உணர்வு என்று இன்னொரு பக்கம். அந்தக் குறியீட்டை வரைந்தவரே ஒரு தமிழர்தான் என்று மூன்றாவது பக்கம். அந்த எழுத்துக்குப் பின்னால் நின்ற எண்ணை எவரும் தொடவில்லை. 2026 மார்ச் முடிவில் மாநிலத்தின் கடன் 9,29,959 கோடி ரூபாய் இருக்கும் என்பது அந்த பட்ஜெட்டின் மதிப்பீடு. 'ரூ'வா குறியீடா என்று அடித்துக்கொண்டவர்களில் எத்தனை பேருக்கு இது தெரியும்?

கும்மிடிப்பூண்டி சிப்காட் பக்கம் போனால், காட்டியே மறைக்கிற கலை பலகையில் தொட்ட உச்சத்தைப் பார்க்கலாம். அபாயக் கழிவு உண்டாக்கும் ஆலைகள் என்ன கழிவு, எவ்வளவு என்று வாசலில் எழுதிவைக்க வேண்டும் என்பது உச்ச நீதிமன்றத்திலிருந்து வந்த ஏற்பாடு. பலகைக்குக் குறைவில்லை. சாக்பீஸில் எழுதிய எண்கள் மழையில் பாதி கரைந்திருக்கும், தேதி போட வேண்டிய கட்டம் காலி. அரசுப் பணிப் பலகையும் அதற்கு உடன்பிறப்பு. பணியின் பெயர் பளிச்சென்று, எம்எல்ஏ பெயர் அதைவிடப் பளிச்சென்று, மதிப்பீட்டுத் தொகை என்ற இடத்தில் வெள்ளைப் பெயின்ட்.

கணக்கைத் திறந்து வைத்தவருக்கு என்ன நடந்தது என்பதும் இந்த மாவட்டத்துச் சரித்திரம்தான். பூந்தமல்லிக்குப் பக்கத்தில் குத்தம்பாக்கம். ரசாயனப் பொறியியல் படித்து, நல்ல வேலையை விட்டு வந்த இளங்கோ 1996இல் ஊராட்சித் தலைவரானார். ஊருக்கு வடிகால் கட்ட வேண்டும். எஸ்டிமேட்டில் சொன்ன கல்லை வாங்காமல், கிரானைட் ஆலைகள் கழித்துப்போட்ட துண்டுக் கற்களை எடுத்துவந்து, ஊர்க்காரர்களை வைத்துக் கட்டி, செலவைப் பாதாளத்துக்கு இறக்கினார். பரிசு என்ன? எஸ்டிமேட்டை மீறினார் என்று இடைநீக்கம். மிச்சம் பிடித்தது குற்றம்! மதிப்பீட்டுக்கு ஒரு ரூபாய் குறையாமல் செலவழித்து, முதல் மழையிலேயே வடிகாலை ஆற்றோடு அனுப்பியிருந்தால் ஒரு தொந்தரவும் வந்திருக்காது. வழக்கமான கான்ட்ராக்டர் எடுத்திருந்தால் எல்லாருக்கும் போக வேண்டிய பர்சன்டேஜ் போய்ச் சேர்ந்திருக்கும். இவர் அந்த வாய்க்காலைத்தான் அடைத்துவிட்டார், அதுதான் வலி. குத்தம்பாக்கம் கிராம சபை கூடியது. கணக்கு ஊருக்குத் தெரிந்திருந்ததால் ஊர் அவர் பக்கம் நின்றது. அரசு பின்வாங்கி, அவர் நாற்காலிக்குத் திரும்பினார். 2001இல் மீண்டும் தேர்ந்தெடுத்தார்கள்.

ராஜஸ்தானில் தகவல் உரிமைப் போராட்டமும் இப்படி ஊருக்குக் கணக்கைத் திறந்துதான் தொடங்கியது. சென்னையில் பிறந்து, ஐஏஎஸ்ஸை உதறிவிட்டுப் போன அருணா ராயும் கூலித் தொழிலாளர்களும் 1994 டிசம்பரில் கோட் கிரானா என்ற ஊரில் வருகைப் பதிவேட்டை ஊர் நடுவே உரக்கப் படித்தார்கள். பதிவேட்டுக்கும் ஊருக்கும் சம்பந்தமே இல்லை என்று உட்கார்ந்திருந்த ஜனங்கள் பெயர் பெயராகச் சொன்னார்கள். அங்கே படித்தவர் நிறுத்தி நிதானமாகப் படித்தார், அவ்வளவுதான் வித்தியாசம். அந்தச் சத்தம் 2005இல் நாட்டுக்கே தகவல் உரிமைச் சட்டமாயிற்று. தமிழ்நாடு 1997லேயே தனக்கென்று ஒரு தகவல் சட்டம் போட்ட மாநிலம், பெருமைக்கு இங்கே எப்போதும் குறைவில்லை. 2005 சட்டத்தின் நான்காம் பிரிவு, ஒதுக்கீடு, உத்தேசச் செலவு, பட்டுவாடா எல்லாவற்றையும் எவரும் கேட்காமலே வெளியிடு என்கிறது. இருபது வருஷமாகியும் கேட்டாலே கிடைக்கவில்லை. போதாக்குறைக்கு, 2023ஆம் ஆண்டுத் தரவுப் பாதுகாப்புச் சட்டம் எட்டாம் பிரிவையும் சீவிவிட்டது. இனி 'தனிப்பட்ட தகவல்' என்று இரண்டு சொல் எழுதிக் கையைக் கழுவலாம். ஊர்ப் பணத்தில் யார் பில் வாங்கினார் என்பது யாருடைய அந்தரங்கம் ஐயா?

பத்து ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி, அந்த மூன்று மோட்டார் ரிப்பேருக்கும் பில், வவுச்சர், எம்-புக் எனும் அளவுப் புத்தகம் ஆகியவற்றின் நகல் கேட்டுப் பாருங்கள். நகல் பக்கத்துக்கு இரண்டு ரூபாய், கெடு 30 நாள். அதற்கு முன்பே பதில் வரும், தபாலில் அல்ல. டீக்கடையில் ஒருவர் தோளில் கை போட்டு, "இன்னா தலைவரே, உனுக்கு எதுக்கு இதெல்லாம்?" என்பார். காரணம் கேட்க அதிகாரிக்கே உரிமையில்லை என்கிறது ஆறாம் பிரிவு. மனு நேற்றுத்தான் அலுவலகத்தில் கொடுத்தது, இவர் கைக்கு எப்படி வந்தது என்று அவரைக் கேளுங்கள். அலுவலகத் தகவல் இவ்வளவு வேகமாக வெளியே வர ஒரு வழி இருக்கிறது என்றால், நமக்கும் அதே வழியில் கொடுக்கச் சொல்லலாம்.