தயிர் எல்லையும் ஏரி அழகும்: மேற்குச் சென்னை பைக் பயணங்கள் குறித்து ஓர் ஆய்வு

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி வட்டாரங்களில் பைக் வைத்திருப்போர், மழை ஓய்ந்து ஏரிகள் நிரம்பியதும், காடும் நீரும் பார்க்கப் போவதென்று திட்டம் போடுவது வழக்கம். அந்தத் திட்டங்களில் பூண்டி வரும், ஊத்துக்கோட்டை வரும், மாநில எல்லை தாண்டி நாகலாபுரமும் தடாவும் வரும். அம்பத்தூர் ஏரியோ, கொரட்டூர் ஏரியோ, அயப்பாக்கம் ஏரியோ வராது. ஏரிகளுக்கு நடுவே வீடு கட்டிக்கொண்டவர்கள் ஏரி பார்க்க ஏன் பெட்ரோல் போடுகிறார்கள் என்ற கேள்விக்கு அறிஞர் உலகம் இதுவரை உரிய கவனம் தரவில்லை. இக்கட்டுரையின் துணிபு இது: ஓர் ஏரியின் அழகைத் தீர்மானிப்பது அதன் பரப்பும் அன்று, பறவைகளும் அல்ல. அதன் கரையில் நிற்பவரைப் போனில் அழைத்து, “வரும்போது அரை லிட்டர் தயிர் வாங்கிட்டு வந்துடு” என்று வீட்டார் சொல்ல முடியுமா என்பதுதான். அப்படிச் சொல்லக்கூடிய கடைசிப் புள்ளியைத் தயிர் எல்லை என்போம். அதற்குள் இருப்பது வெறும் ஏரி. அதற்கு அப்பால் இருப்பது இயற்கை.

அளவைக் கொண்டு முதலில் சோதிப்போம். செம்பரம்பாக்கம் ஏரியின் கொள்ளளவு 3,645 மில்லியன் கன அடி. பூண்டி நீர்த்தேக்கத்துக்கு 3,231தான். நீரின் அளவுதான் மனத்தை இழுக்கிறது என்றால் பூந்தமல்லிக்காரர் பக்கத்திலேயே இருக்கும் பெரிய ஏரியை விட்டுவிட்டுத் திருவள்ளூர் தாண்டிச் சிறியதைத் தேடிப் போக நியாயமில்லை. இன்னொரு சங்கடமும் உண்டு. பூண்டியில் தேங்கும் நீர்தான் இணைப்புக் கால்வாய்கள் வழியே செம்பரம்பாக்கத்துக்கும் புழலுக்கும் வருகிறது. 1996 முதல் கண்டலேறு கால்வாயில் கிருஷ்ணா நீரும் பூண்டிக்கு வந்து சேர்கிறது. மகாராஷ்டிரத்து மகாபலேஸ்வரத்தில் பிறந்த ஆறு அத்தனை தூரம் கடந்து நம் வீட்டுக் குழாயை நோக்கி வந்துகொண்டிருக்கும்போது, அதை எதிர்கொண்டு அழைக்கத் திருவள்ளூர் போகும் சி.டி.எச். ரோட்டில் ஹெல்மெட் மாட்டிக்கொண்டு விரைகிறோம். பொறுத்திருந்தால் அதுவே வந்திருக்கும். ஆனால் குழாயில் வரும் கிருஷ்ணாவுக்கு யாரும் செல்ஃபி எடுப்பதில்லை, குடம்தான் வைக்கிறார்கள்.

தொல்லியலும் நம் பக்கம்தான். பூண்டிக்கு அருகே கொசஸ்தலை ஆற்றங்கரையில் உள்ள அதிரம்பாக்கத்தில் 1863இல் ராபர்ட் புரூஸ் ஃபுட் பழைய கற்காலக் கருவிகளைக் கண்டெடுத்தார். அங்குள்ள மிகப் பழைய கருவிகள் சுமார் 15 லட்சம் ஆண்டுகளுக்கு முந்தையவை என்று பிற்கால ஆய்வுகள் கணித்தன. குவார்ட்சைட் கல்லைச் செதுக்கிக் கைக்கோடரி செய்த அந்த மனிதர்கள் ஆற்றையும் குன்றையும் காட்டையும் தினமும் பார்த்தவர்கள். அவர்கள் இயற்கை எழிலில் மெய்மறந்ததற்கு அங்கே ஒரு தடயமும் இல்லை. கிடைப்பதெல்லாம் வேலைக்கான கருவிகள். காரணம் வெளிப்படை: ஆற்றங்கரை அவர்களுக்குத் தயிர் எல்லைக்கு உட்பட்டது. “போகும்போது நல்ல கல்லா நாலு பொறுக்கிட்டு வா” என்று குகையிலிருந்து எவரேனும் சொல்லியிருப்பார்கள்.

உள்ளூர் ஏரிகளில் கழிவுநீர் கலக்கிறது, ஆகாயத்தாமரை மண்டுகிறது, அதனால்தான் வெளியே போகிறார்கள் என்பது முதல் மறுப்பு. கழிவுநீர் உண்மை, வெட்கப்பட வேண்டிய உண்மையும்கூட. ஆனால் அது காரணமென்றால் ஏரியைச் சீர்செய்ததும் பைக்குகள் திரும்பியிருக்க வேண்டும். ஆவடி பருத்திப்பட்டு ஏரியைச் சீரமைத்துப் பசுமைப் பூங்காவாக்கி, நடைபாதை போட்டு, படகும் விட்டார்கள். அங்கே நடைப்பயிற்சிக்கு வருகிறார்கள், குழந்தைகளைக் கூட்டி வருகிறார்கள். டேங்க் மேல் பை கட்டி, முழங்கால் கவசம் மாட்டி, விடியற்காலை நாலு மணிக்கு அலாரம் வைத்துப் பருத்திப்பட்டுக்குக் கிளம்பும் புல்லட் குழு ஒன்றுகூட இல்லை. 1956இல் திருவொற்றியூரில் உற்பத்தி தொடங்கிய வண்டிக்கு ஆவடி கிட்டத்தில் இருப்பது குறையா என்ன? கிளம்பினாலும் பாதி வழியில் அழைப்பு வரும்: “ஆவடியிலதானே இருக்க? மார்க்கெட்ல சின்ன வெங்காயம் என்ன விலைன்னு பாரு.”

ஏரி சரி, காடு எங்கே என்பது அடுத்த மறுப்பு. இதற்குக் கொஞ்சம் வலு உண்டு. பூண்டிக்கு அப்பால் காப்புக்காட்டுக்குள் இருக்கும் குடியம் குகைகளுக்கு ஈடாக அம்பத்தூர் தொழிற்பேட்டையில் எதையும் காட்ட முடியாது. ஆனால் குகைக்குப் போவது நடைதான். பைக்கை ஊர்ப்பக்கம் நிறுத்திவிட்டே போக வேண்டும். பைக் பயணத்தின் உச்சமே பைக் இல்லாத இடமென்றால், பைக் ஓட்டுபவர் நாடியது வண்டிச் சுகத்தை அல்ல, தூரத்தைத்தான். தயிரைப் பத்து நிமிடத்தில் வீட்டுக்கே கொண்டுவரும் செயலிகள் வந்தபின் இந்தக் கோட்பாடு காலாவதி என்பாரும் உளர். செயலி தயிரைக் கொண்டுவரும். பட்டாபிராமிலிருந்து பெரியம்மாவைக் கொண்டுவராது.

தயிர் எல்லை சீரான வட்டமும் அல்ல, நிலையானதும் அல்ல. சாதாரண நாளில் திருநின்றவூரோடு அது முடிந்துவிடும். அமாவாசையன்று திருவள்ளூர் வரை நீளும்: “அந்தப் பக்கம்தானே போற, வீரராகவர் குளத்துல வெல்லம் கரைச்சுட்டுப் போ.” ஆடி மாதத்தில் பெரியபாளையம் முழுவதும் அதற்குள் வந்துவிடும். ஊத்துக்கோட்டைக்கு அப்பால் எல்லை ஒருபோதும் போனதில்லை என்றே தோன்றுகிறது. வெளிமாநிலத்தில் இன்கமிங் அழைப்புக்கே காசு பிடித்த ரோமிங் காலத்தில் மாநில எல்லை சட்டபூர்வமான பாதுகாப்பாகவும் இருந்தது. ஊத்துக்கோட்டையை அடுத்து ஆந்திரத்தில் இருக்கும் சுருட்டப்பள்ளியில், மற்றக் கோயில்களில் லிங்கமாக இருக்கும் சிவபெருமானே அம்மையின் மடியில் தலை வைத்துப் படுத்திருக்கிறார். ஆலகாலம் உண்ட களைப்பு என்கிறது தலபுராணம். இடத்தேர்வும் காரணமாக இருக்கலாம் என்பது இந்த ஆய்வின் பணிவான கருத்து.

ஆகவே பயணம் திட்டமிடுவோர் கூகுள் மேப்பைத் திறக்குமுன் தினசரிக் காலண்டரைக் கிழித்துப் பார்க்கவும். அமாவாசை, ஆடி வெள்ளி, சிலிண்டர் தீரும் வாரம் மூன்றையும் தவிர்த்து நாள் குறிக்கவும். தயிரை முதல் நாள் இரவே வாங்கி வைத்துவிடவும்.